மான் வேட்டைக்குக் கையைக் கடிக்காத விலையில் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்: எதைப் பார்த்து வாங்குவது?

இன்றைக்குக் கடையில் கிடைக்கும் மலிவு விலை போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்களில் பெரும்பாலானவை, அவற்றைத் தோளில் வைக்கும் ஆளை விட நன்றாகவே சுடும். அதனால் எது அதிகத் துல்லியம் என்று மாதக்கணக்கில் வீடியோ பார்த்து மண்டையை உடைத்துக்கொள்வது வீண் வேலை. விலையைக் குறைக்க கம்பெனிக்காரர்கள் எங்கெங்கே கை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, அந்த இடங்களைத் தொட்டுப் பார்த்து, உங்கள் தோளுக்கு ஒத்துவருவதை எடுத்தால் போதும். மிச்சமாகும் காசு ஸ்கோப்புக்கும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) தோட்டாவுக்கும் போகட்டும்.

விலை எப்படிக் குறைந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1898-ஆம் ஆண்டின் மவுசர் ரைஃபிளில் இருந்த அமைப்புதான் இன்றும் அடிப்படை: குழலின் பின்பக்கத்தை அடைத்துப் பூட்டும், முன்பக்கம் பூட்டுப் பற்கள் உள்ள ஒரு உருளை, அதாவது போல்ட், கைப்பிடியைத் தூக்கினால் திறக்கும், இறக்கினால் பூட்டிக்கொள்ளும். அந்தக் காலத்தில் குழலை ரிசீவரோடு (போல்ட் ஓடும் உலோகக் கூடு) பொருத்தி, தோட்டா உட்காரும் ஆழத்தைச் சரியாகக் கொண்டுவர கைதேர்ந்த ஆள் ஒருவர் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். 1958-இல் வந்த சாவேஜ் நிறுவனத்தின் 110 மாடல் இதை எளிதாக்கியது. குழலைத் திருகி, கேஜ் வைத்து ஆழத்தை அளந்து, ஒரு நட்டை இறுக்கினால் வேலை முடிந்தது. இப்போது மலிவு ரைஃபிள் செய்யும் பலரும் இந்த வழியைத்தான் பிடித்திருக்கிறார்கள். கூடவே எந்திரத்தில் சுலபமாகக் கடையக்கூடிய உருண்டை ரிசீவர், மர ஸ்டாக்குக்கு (தோளில் அணைக்கும் கட்டை) பதிலாக அச்சில் வார்த்த பிளாஸ்டிக், பளபளப்பு இல்லாத மேற்பூச்சு. இதில் குழலின் தரத்தில் கை வைத்தவர்கள் குறைவு என்பதுதான் நமக்கு அடித்த அதிர்ஷ்டம். குறை இருந்தால் ஸ்டாக்கில், மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி), போல்ட் ஓடும் விதத்தில், டிரிகரில் இருக்கும். இவை எல்லாமே கடையில் நின்றபடி கையாலேயே சோதிக்கக்கூடியவை.

துல்லியம் எவ்வளவு வேண்டும்? குண்டுகள் எவ்வளவு பரவி விழுகின்றன என்று சொல்ல எம்ஓஏ என்று ஒரு கோண அளவு எங்கும் அடிபடும். 100 கெஜத்தில் அது 1.047 அங்குலம், நம் கணக்குக்கு ஒரு அங்குலம் என்றே வைத்துக்கொள்ளலாம். மானின் நெஞ்சில் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதியை சுமார் 8 அங்குல வட்டம் என்று வேட்டைக்காரர்கள் கணக்கு வைப்பார்கள். 2 எம்ஓஏ-வில் சுடும் சுமாரான ரைஃபிள் 200 கெஜத்தில் 4 அங்குல வட்டத்துக்குள் குண்டுகளைப் போடும். அதாவது இன்னும் பாதி இடம் மிச்சம். முக்கால் அங்குலத்துக்கும் ஒன்றரை அங்குலத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்காக விலையை இரட்டிப்பாக்குவது குறிப்பலகை சுடுகிறவர்களுக்குச் சரி, மானுக்குத் தெரியப்போவதில்லை.

எந்தத் தோட்டா?

ரைஃபிளைப் பார்ப்பதற்கு முன்னால் இதை முடிவு செய்யுங்கள், அதற்கும் முன்னால் நீங்கள் வேட்டையாடப்போகும் இடத்தின் சட்டத்தைப் படியுங்கள். உரிமம், பருவம் எல்லாம் இருக்கட்டும், எந்தத் தோட்டா செல்லும் என்பதையே சட்டம் சொல்லிவிடும் இடங்கள் இருக்கின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரும்பாலான மான் இனங்களுக்கு .240 அங்குலத்துக்குக் குறைந்த விட்டமுள்ள ரைஃபிள் கூடாது, அங்கே .243 வின்செஸ்டர் தோட்டா ஆரம்பப் படியாக ஆனது அதனால்தான். அமெரிக்காவில் ஓஹையோ போன்ற இடங்களில் மான் வேட்டைக்கு நேர்ச்சுவர்த் தோட்டாக்களை, அதாவது கழுத்து குறுகாத உறை கொண்டவற்றை, மட்டும்தான் அனுமதிக்கிறார்கள். அங்கே .308 வாங்கிக்கொண்டு போய் நின்றால் ஒன்றும் செய்ய முடியாது, 2019-இல் வந்த .350 லெஜண்ட் அல்லது .450 புஷ்மாஸ்டர் பக்கம்தான் போக வேண்டும். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது, டென்மார்க்கில் 2024-இலிருந்து. அப்படிப்பட்ட இடமென்றால் செம்புக் குண்டு உங்கள் தோட்டாவில் தாராளமாகக் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வாங்குங்கள்.

சட்டம் கையைக் கட்டவில்லை என்றால், தேர்வு உண்மையில் ஐந்தாறு பெயர்களுக்குள் முடிந்துவிடும். 1952-இல் வந்த .308 வின்செஸ்டர் எங்கே போனாலும் கிடைக்கும், 150 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டோடு மான் அளவு விலங்குக்கு எந்தக் குறையும் இல்லை. 1906-இல் பிறந்த .30-06 கொஞ்சம் கூடுதல் வேகம், கொஞ்சம் கூடுதல் உதை. மானோடு எல்க் மாதிரி பெரிய விலங்குக்கும் இதே ஒரு துப்பாக்கிதான் என்றால் அதை எடுக்கலாம். .30-06 வகை உறையின் கழுத்தைக் குறுக்கி 1925-இல் வந்த .270, திறந்த வெளியில் சுடுபவர்களுக்கு இன்றும் பிடித்தமானது. உடம்பு சிறியவர்கள், இளையவர்கள், உதையைக் கண்டு பயப்படுபவர்கள் .243-ஐ எடுக்கட்டும், ஆனால் 95 அல்லது 100 கிரெய்ன் மான் குண்டு போட வேண்டும். அதே தோட்டாவில் நரி, குள்ளநரிக்கென்று விற்கும் மெல்லிய லேசான குண்டு மேலேயே சிதறிவிடும். 6.5 கிரீட்மோர் 2007-இல் வந்தது. இணையத்தில் அதைப் பற்றி நடக்கும் சண்டையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் உதை குறைவு, தோட்டா சுலபமாகக் கிடைக்கிறது, மலிவு ரைஃபிள்கள் எல்லாவற்றிலும் வருகிறது, வேறென்ன வேண்டும். மானுக்கு மட்டும் என்றால் என் மனசுக்குப் பிடித்தது 7மிமீ-08 தான். .308-இன் உறையில் சின்னக் குண்டு, தோளுக்கு இதம், விழுந்த இடத்தில் வேலையை முடிக்கும். ஆனால் பல கடைகளில் அதன் தோட்டா இரண்டு மூன்று பெட்டிதான் இருக்கும், அதனால் புதியவர்களுக்கு அதைத் தூக்கிக் கொடுக்கத் தயக்கமாக இருக்கிறது.

மேக்னம், அதாவது வெடிமருந்தும் உதையும் அதிகமான தோட்டா, வேண்டாம். மலிவு ரைஃபிள் எடை குறைவாக இருக்கும், பின்னால் இருக்கும் ரப்பர் பட்டையும் சுமாராகத்தான் இருக்கும். அதில் மேக்னம் தோட்டா போட்டால் பயிற்சிக்கே போக மனசு வராது. ஆள் பயந்து கண்ணை மூடிக்கொண்டு இழுத்தால், குழல் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

தோட்டாவை முடிவு செய்ததும் கடைக்குப் போவதற்கு முன் அதன் விலையையும் இருப்பையும் ஒருமுறை பாருங்கள். ரைஃபிளை ஒருமுறைதான் வாங்குவீர்கள், தோட்டாவை வருடா வருடம் வாங்க வேண்டும்.

கடையில் கையில் எடுத்ததும்

போல்ட்டைத் திறந்து சேம்பரும் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) மேகசினும் காலி என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். கடைக்காரர் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார் என்றாலும் நீங்களும் பாருங்கள். குழல் யார் பக்கமும் திரும்பக் கூடாது. வெறுமனே டிரிகரை இழுத்துப் பார்க்க வேண்டும் என்றால் முதலில் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளுக்குக் கொண்டுவாருங்கள், கன்னத்தை ஸ்டாக்கில் இயல்பாக வையுங்கள், இப்போது கண்ணைத் திறங்கள். ஸ்கோப் பொருத்திய துப்பாக்கி என்றால் முழு வட்டமாகக் காட்சி தெரிய வேண்டும். ஓரத்தில் கறுப்பு நிழல் பிறை மாதிரி விழுந்தாலோ, கழுத்தை நீட்டினால்தான் தெரிகிறது என்றாலோ, ஒன்று ஸ்டாக்கின் நீளம் உங்களுக்குப் பொருந்தவில்லை, இல்லையென்றால் கன்னம் படும் இடம் தாழ்ந்திருக்கிறது. மலிவு ரைஃபிள்களில் இரண்டாவது ரொம்ப சகஜம், ஸ்டாக்கின் மேல்பகுதி தாழ்வாக இருக்கும், ஸ்கோப் உயரத்தில் இருக்கும், கன்னம் அந்தரத்தில் நிற்கும். மேலே கட்டிக்கொள்ளும் துணி மெத்தை ஒன்றை வாங்கிக் கட்டினால் தீரும். நீளம் அப்படி இல்லை. டிரிகரிலிருந்து பின்பட்டை வரை சாதாரணமாக பதின்மூன்றரை அங்குலத்துக்குப் பக்கத்தில் இருக்கும். கை குட்டையானவர்களுக்கும், குளிரில் கனமான கோட்டு போட்டு வேட்டைக்குப் போகிறவர்களுக்கும் அது அதிகம். இளையோர் மாடல் என்று விற்பதை எடுத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, குழலின் தரம் அதேதான். இடது கைக்காரர்கள் வலது கைப் போல்ட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம், மலிவு வரிசையிலேயே இடது கை மாடல்கள் வருகின்றன.

ரைஃபிளைத் தோளில் வைத்தபடியே போல்ட்டை ஓட்டிப் பாருங்கள், இடுப்பில் வைத்து ஓட்டினால் எதுவும் தெரியாது. மலிவு ரைஃபிளில் சொரசொரப்பு கொஞ்சம் இருக்கும், பழகப் பழக அது தேயும். முழுக்கப் பின்னால் இழுத்த நிலையில் போல்ட் அங்கும் இங்கும் ஆடினால் அதற்காகப் பயப்பட வேண்டாம், முன்னால் போய் பூட்டும்போது இறுகுகிறதா என்பதுதான் கணக்கு. ஆனால் கைப்பிடியைச் சற்றுக் கோணலாகத் தள்ளினால் போல்ட் நடுவழியில் சிக்கி நிற்கிறது என்றால் யோசியுங்கள். இரண்டாவது குண்டு தேவைப்படும் அவசரத்தில் யாரும் நேராகத் தள்ளப்போவதில்லை. மூன்று பூட்டுப் பற்கள் உள்ள போல்ட்டில் கைப்பிடியை 70 டிகிரி அளவுக்குத் தூக்கினால் திறந்துவிடும், பழைய இரண்டு பல் அமைப்பில் 90 டிகிரி தூக்க வேண்டும். குறைந்த தூக்கல் இருந்தால் கைக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே இடம் கிடைக்கும், பதிலுக்குத் தூக்கக் கொஞ்சம் பலம் கூடுதலாக வேண்டும்.

டிரிகரை இழுக்க வேண்டிய அழுத்தம் மூன்றிலிருந்து நான்கு பவுண்டுக்குள் இருந்தால் வேட்டைக்கு அருமை. அந்த அழுத்தத்தை விட முக்கியம் டிரிகர் எப்படி விடுகிறது என்பது. மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். விரலுக்கடியில் எதுவும் நகராமல் திடீரென்று கண்ணாடி உடைந்த மாதிரி 'டிக்' என்று விட்டால் நல்லது, கொஞ்சம் நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்து அப்புறம் விட்டால் நல்லதில்லை. சாவேஜ் நிறுவனத்தின் அக்யூட்ரிகர் வந்த பிறகு மற்றவர்களும் பயனாளரே சரிசெய்துகொள்ளும் டிரிகரைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் வந்தது, மலிவு ரைஃபிள் வாங்குகிறவர்களுக்கு நடந்த பெரிய நன்மை அது. சரிசெய்யும்போது கம்பெனி கையேட்டில் சொன்ன எல்லைக்குள் நில்லுங்கள். ஸ்பிரிங்கை வெட்டுவது, உள்ளே உரசும் பரப்பைத் தேய்ப்பது எல்லாம் துப்பாக்கி தானாக வெடிக்க வழி.

சேஃப்டியை (தவறி வெடிக்காமல் தடுக்கும் பூட்டு) போட்டுவிட்டு போல்ட் கைப்பிடியைத் தூக்கிப் பாருங்கள். சில மாடல்களில் போல்ட் பூட்டிக்கொள்ளும், சிலவற்றில் சேஃப்டி போட்டிருக்கும்போதே திறக்கும். இரண்டுக்கும் காரணம் உண்டு. திறந்தால், சேஃப்டியை எடுக்காமலே தோட்டாவை வெளியே எடுக்கலாம். பூட்டிக்கொண்டால், புதரில் நடக்கும்போது கிளை பட்டு போல்ட் திறக்காது. மூன்று நிலை சேஃப்டியில் இரண்டும் கிடைக்கும். சேஃப்டி நகரும் சத்தத்தையும் கேளுங்கள், காட்டில் அந்த 'க்ளிக்' மானின் காதுக்கு நன்றாகவே எட்டும்.

இப்போது முன்கட்டை, அதாவது ஸ்டாக்கில் குழலுக்கு அடியில் நீளும் பகுதி. மலிவு ரைஃபிளின் பலவீனம் அதிகம் தெரியும் இடம் இதுதான். ஒரு தாளை எடுத்து, குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவில் நுழைத்து, ரிசீவர் பக்கம் வரை இழுத்துக்கொண்டே போங்கள். எங்கும் தட்டாமல் போனால் குழல் தனியாக நிற்கிறது என்று அர்த்தம். அதோடு விடாதீர்கள். முன்கட்டையின் நுனியைக் குழலோடு சேர்த்துக் கையால் அழுத்துங்கள். மெல்லிய பிளாஸ்டிக் என்றால் சுலபமாக வளைந்து குழலைத் தொட்டுவிடும். அப்படியானால், நீங்கள் நுனியை ஒரு கிளை மேலோ பைபாட் (இரண்டு கால் தாங்கி) மேலோ வைத்துச் சுடும்போதும், துப்பாக்கியின் தோள் பெல்ட்டை இறுக்கிப் பிடித்துச் சுடும்போதும், குண்டு வேறு இடத்தில் போய் விழும். அதற்காக அந்த ரைஃபிளை ஒதுக்க வேண்டியதில்லை. நுனிக்குப் பதிலாக மேகசினுக்கு முன்னால் உள்ள தடிமனான பகுதியைத் தாங்கலில் வைத்துப் பழகினால் முக்கால்வாசித் தொல்லை போய்விடும்.

மேகசினைப் பத்துத் தடவை போட்டு எடுங்கள். தட்டித்தான் உள்ளே போகிறதா, பூட்டும் கொக்கி நூல் மாதிரிப் பிளாஸ்டிக்கா, அடியில் துருத்திக்கொண்டு நிற்கிறதா, தனியாக ஒன்று வாங்க என்ன விலை என்று பாருங்கள். காட்டில் மேகசின் விழுந்து தொலைந்தால் உங்கள் ரைஃபிள் ஒற்றைக் குண்டுத் துப்பாக்கி ஆகிவிடும்.

பெயர் சொல்லச் சொன்னால்

ரூகர் அமெரிக்கன் 2012 வாக்கில் வந்து இந்த வரிசையின் எதிர்பார்ப்பையே மாற்றியது. மூன்று பல் போல்ட், 70 டிகிரி தூக்கல், மூன்றிலிருந்து ஐந்து பவுண்டு வரை மாற்றக்கூடிய டிரிகர். போல்ட் புதிதில் மணல் போட்ட மாதிரி ஓடும், சுடுவது நன்றாகச் சுடும். 2023 கடைசியில் வந்த இரண்டாம் தலைமுறையில் ஸ்டாக்கையும் சேஃப்டியையும் மாற்றினார்கள், விலை வித்தியாசம் அதிகம் இல்லையென்றால் அதை எடுங்கள். சாவேஜ் ஆக்சிஸ் இன்னும் மலிவு, பார்க்க லட்சணமாக இருக்காது, முன்கட்டை நான் மேலே சொன்ன ரகம். சாதா ஆக்சிஸை விட்டுவிட்டு அக்யூட்ரிகர் உள்ள ஆக்சிஸ் 2-ஐ வாங்குங்கள், இந்தப் பட்டியலில் கூடுதலாகக் கொடுக்கும் காசுக்கு அதிகப் பலன் அங்கேதான். மர ஸ்டாக்தான் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் மாஸ்பெர்க் பேட்ரியாட்டைப் பார்க்கலாம். வின்செஸ்டர் எக்ஸ்பிஆரில், சேஃப்டி போட்ட நிலையிலேயே போல்ட்டைத் திறக்க ஒரு தனிப் பொத்தான் உண்டு, நல்ல யோசனை.

கொஞ்சம் மேலே ஏற முடிந்தால் ஜப்பானின் ஹோவா 1500. வெதர்பி வேன்கார்டும் அதே ஹோவா செய்து கொடுப்பதுதான். எடை கூடுதல், ஆனால் அந்த எடையே உதையைக் குறைக்கும். அதற்கும் மேலே ஃபின்லாந்தின் டிக்கா டி3எக்ஸ். அதை மலிவு என்று சொல்ல முடியாது, ஆனால் அதன் போல்ட்டை ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் மற்றவை எல்லாம் கரடுமுரடாகத் தெரியும், அதனால் பட்ஜெட் இல்லாதவர்கள் அதைக் கையில் எடுக்காமல் இருப்பது நல்லது.

ஸ்கோப் பற்றிச் சுருக்கமாக: 3-9×40 (மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு வரை பெரிதாக்கும், முன் லென்ஸ் 40 மிமீ), மழையில் உள்ளே நீராவி பிடிக்காத ஒன்று. மான் வெளியே வரும் நேரம் விடியலும் அந்தியும், அப்போது தெளிவாகத் தெரிவதுதான் காசுக்கு மதிப்பு, 20 மடங்கு பெரிதாக்குவதில் இல்லை. ரைஃபிள் விலையில் பாதியாவது ஸ்கோப்புக்கு ஒதுக்குங்கள். ரைஃபிளோடு சேர்த்துத் தரும் ஸ்கோப் செட் ஆரம்பிக்க உதவும், ஆனால் அதில் திருகுகள் சரியாக இறுக்கப்பட்டிருக்கும் என்று நம்பாதீர்கள். கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்க்ரூடிரைவரால் ஸ்கோப் கம்பெனி சொன்ன அளவுக்கு நீங்களே இறுக்குங்கள். "துப்பாக்கி சரியாகச் சுடவில்லை" என்ற புகாரில் பாதி இந்தத் திருகுகளில்தான் முடிகிறது.

பழைய துப்பாக்கி வாங்கலாமா? தாராளமாக. அதே காசுக்கு ஒரு படி மேலான ரைஃபிள் கிடைக்கும், பலபேர் வாங்கி இரண்டு பெட்டி கூடச் சுடாமல் விற்கிறார்கள். போல்ட்டைக் கழற்றிவிட்டு குழல் வழியாக வெளிச்சத்தைப் பாருங்கள். உள்ளே வளையம் மாதிரி ஒரு கறுப்பு நிழல் தெரிந்தால் குழல் எங்கோ உப்பியிருக்கிறது, வேண்டாம். புள்ளி புள்ளியாகத் துரு அரித்திருந்தாலும் வேண்டாம். குழல் வாயின் விளிம்பில் பஞ்சுக் குச்சியைச் சுற்றிலும் உரசுங்கள், எங்காவது பஞ்சு இழை மாட்டினால் அங்கே அடிபட்டிருக்கிறது. திருகுத் தலைகள் சிதைந்திருந்தால் யாரோ தெரியாதவர் உள்ளே கை வைத்திருக்கிறார். போல்ட்டில் எண் இருந்தால் ரிசீவர் எண்ணோடு ஒத்துப்போகிறதா பாருங்கள், இல்லையென்றால் சுடும் முன் துப்பாக்கி மெக்கானிக்கிடம் ஹெட்ஸ்பேஸ், அதாவது தோட்டா உட்காரும் ஆழம், அளக்கச் சொல்லுங்கள். அந்த மாடலைக் கம்பெனி எப்போதாவது திரும்ப அழைத்ததா என்று எண்ணைப் போட்டுத் தேடுங்கள். பழைய ராணுவ ரைஃபிளை வாங்கி வேட்டைக்கு மாற்றும் யோசனை ஒரு காலத்தில் சிக்கனமாக இருந்தது. இன்று ஸ்கோப்புக்குத் துளை போட்டு, கைப்பிடியை வளைத்து முடிப்பதற்குள் புது ரைஃபிள் விலை வந்துவிடும்.

வாங்கிய பிறகு குழலைச் சுத்தம் செய்துவிட்டு, இரண்டு மூன்று வகைத் தோட்டாவில் ஒவ்வொரு பெட்டி வாங்கி 100 கெஜத்தில் சுட்டுப் பாருங்கள். காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு போட்டுக்கொண்டுதான். ஒரே ரைஃபிள் ஒரு தோட்டாவில் ஒரு அங்குலமும் இன்னொன்றில் மூன்று அங்குலமும் போடுவது சாதாரணம், அதனால் முதல் பெட்டியை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். மெல்லிய குழல் சீக்கிரம் சூடாகும், மூன்று சுட்டுவிட்டு ஆறவிடுங்கள். .308-இல் 150 கிரெய்ன் குண்டு என்றால், 100 கெஜத்தில் குறிக்கு 2 அங்குலம் மேலே விழும்படி வைத்தால் 200-இல் ஏறக்குறைய குறியிலேயே இருக்கும், அதற்கு உட்பட்ட தூரத்தில் மேலே கீழே என்று கணக்குப் போட வேண்டியதில்லை.

உதைக்குப் பயப்படுகிறீர்களா என்று தெரிந்துகொள்ள, உங்களுக்குத் தெரியாமல் நண்பர் ஒருவர் நிஜத் தோட்டாவோடு போலித் தோட்டாவையும் கலந்து மேகசினில் போடட்டும். போலி வரும்போது வெடிக்காது, ஆனால் குழல் வாய் கீழே குத்துகிறதா என்று இருவருக்குமே அப்பட்டமாகத் தெரிந்துவிடும். குத்தினால், .22 ரைஃபிளில் கொஞ்ச நாள் பழகிவிட்டுத் திரும்புங்கள். மேஜையில் வைத்துச் சுடுவது ஸ்கோப்பைச் சரிசெய்ய மட்டும்தான். அது முடிந்ததும் எழுந்து, உட்கார்ந்தும் முழங்காலிட்டும் மரத்தில் சாய்ந்தும் சுடுங்கள். அப்படிச் சுடும்போது எந்தத் தூரம் வரை எல்லாக் குண்டும் அந்த 8 அங்குல வட்டத்துக்குள் விழுகிறதோ, காட்டில் அதுதான் உங்கள் எல்லை. பருவம் தொடங்குவதற்கு முன் ஸ்கோப் திருகுகளை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு, ஆறிய குழலில் ஒரே ஒரு குண்டு சுட்டு அது எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், மானுக்குப் போகப்போவது பெரும்பாலும் அந்த முதல் குண்டுதான்.